பெண்ணைக் கொடுக்க வந்தவர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்தவர் தன்னைச் சக்கரவர்த்தியாக நினைத்துக்கொண்டு எதிரே வரும் பால்காரரை நோக்கிப் பாயும்போது, அவளுடைய வலது கால் சத்தமில்லாமல் கீழே இறங்கும். கார் நிற்கும். ஓட்டியவர் தானே நிறுத்தியதாக நினைத்து மீசையைத் தடவிக்கொள்வார். ஆம்பளைகளுக்கு வண்டி கற்றுக்கொடுப்பதில் பாதி வேலை அந்த நினைப்பைக் கெடுக்காமல் இருப்பதுதான்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தும் அவளிடம் கார் பழகியவர்தான். அந்நியப் பெண்ணைப் பார்க்கக் கூடாதென்று பார்வையைத் தாழ்த்தித் தாழ்த்தி, அவள் பக்கத்துக் கண்ணாடியையே பார்க்காமல் ஓட்டி, இரண்டு குப்பைத்தொட்டிகளைச் சாய்த்தார். "என்னைப் பாக்க வேணாம் ஹஜ்ரத். பின்னாடி வர்ற லாரியையாவது பாருங்க" என்று அவள் கெஞ்சிய பிறகுதான் தலை நிமிர்ந்தது, லைசென்ஸும் கிடைத்தது.

அந்த ஹஜ்ரத்திடம்தான் மகளின் நிக்காஹ் பேசப் போனாள். மகள் பிசியோதெரபி படித்தவள். மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். இருவரும் பார்த்துப் பேசி, பிடித்துப்போன சம்பந்தம்.

"பொண்ணைக் கொடுக்கிற பொறுப்பாளர் யாரும்மா?" என்றார் ஹஜ்ரத்.

"நான்தான்."

ஹஜ்ரத் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார். "நீங்க உம்மா. பொறுப்பாளர்னா ஆம்பளை. வாப்பா வரணும்."

"என் தம்பி இருக்கான். இவளைத் தோள்ல தூக்கி வளத்தவன்."

"அது தாய்வழி. கணக்குல வராது."

"வேற வழியே இல்லையா?"

"இல்லம்மா."

இந்த வாப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகளுக்குப் பால்பல் விழும் முன்பே வேறொரு ஊரில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டவர். போனில் கூப்பிட்டு ஒரே வார்த்தையை மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்ததால் இரண்டாவது தடவை அவளுக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை. அதற்கு ஹஜ்ரத் வேண்டியிருக்கவில்லை, சாட்சி வேண்டியிருக்கவில்லை, அவளுடைய சம்மதமும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கல்யாணத்தை முறிக்க அவர் ஒருவரே போதும். ஒரு கல்யாணத்தைத் தொடங்கவோ அவர் இல்லாமல் முடியாது. என்ன நியாயமோ!

பள்ளிவாசல் கமிட்டித் தலைவர், பிளைவுட் கடைக்காரர், அவளுக்கு ஆறுதல் சொன்னார். "பெத்த தகப்பன் இருக்கிறப்ப ஊர் நாலு பேசும்ல. சபையில வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகப் போறாரு. உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

குறைவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. மகளுக்காக வாயை மூடிக்கொண்டாள்.

நிக்காஹ் அன்று வந்தார் வாப்பா. கஞ்சி போட்ட சட்டை, சென்ட் வாசம், நடுநாயகமாக ஒரு நாற்காலி. மகளைப் பார்த்து, "அடேயப்பா, எப்படி வளந்துட்டா!" என்றார். செடி தானாக வளர்ந்தது மாதிரி. மகள் ஸலாம் சொன்னாள், அவ்வளவுதான். முறைப்படி அவளிடம் வந்து சம்மதம் கேட்டுவிட்டு, தலையாட்டலை வாங்கிக்கொண்டு, சபைக்குத் திரும்பினார்.

பெண்கள் பக்கம் திரைக்குப் பின்னால். ஆண்கள் சபையில் நடப்பது அங்கே ஒலிபெருக்கியில் கேட்கும். வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். என் மகள் இன்னாரை உமக்கு மணமுடித்துக் கொடுத்தேன் என்று கணீரென்று சொன்னார்.

அவர் சொன்ன பெயர் மணமகளுடையது இல்லை. வேறொரு ஊரில் அவருடைய இன்னொரு வீட்டில் நாலாம் வகுப்பு படிக்கும் மகளுடையது.

பிரேக்கம்மாவின் வலது கால் படீரென்று தரையை மிதித்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டது. அங்கே பிரேக் ஏது? வெறும் தரை.

நல்லவேளை, மாப்பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும். "ஏற்றுக்கொ—" வரைக்கும் போனவன் கரண்ட் அடித்ததுபோலக் கையை உதறிக்கொண்டான். சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாப்பா அசரவில்லை. "கூட்டத்துல பதட்டம்" என்றார். சரி, திருத்திச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். அதில் பெயர் எழுதியிருக்கவில்லை.

கமிட்டித் தலைவர் குடுகுடுவென்று திரைக்கு அருகே ஓடிவந்தார். "பிரேக்கம்மா, பொண்ணோட முழுப் பேரைச் சொல்லும்மா. வாப்பாவுக்குச் சட்டுன்னு வரல."

அவள் எழுந்து நின்றாள். "சொல்ல மாட்டேன்."

"என்னம்மா இது, ஒரு பேருதானே!"

"ஆமா, ஒரு பேருதான். அதுகூட அவருக்குத் தெரியல. கொடுக்கிறவருக்குத் தான் எதைக் கொடுக்கிறோம்னு தெரிய வேணாமா? கடையில பிளைவுட் வாங்க வந்தவருக்குக் கதவைத் தூக்கிக் கொடுப்பீங்களா?"

"சபையில மானம் போகுதும்மா!"

"போகட்டும். எம்மானம் போனப்ப சபை வரலையே. போன்லயே போச்சு."

தலைவர் மணப்பெண்ணின் பக்கம் திரும்பினார். அவள் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மகள் தன் உம்மாவைப் பார்த்தாள். அடம்பிடித்தால் கல்யாணமே நின்றுபோகலாம் என்று இருவருக்கும் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டிருப்பான், பாவம். தன் வீம்புக்கு மகளின் வாழ்க்கையைப் பணயம் வைக்கிறோமோ என்று பிரேக்கம்மா ஒரு கணம் பயந்தாள். பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் மகள் திரையோரம் போய், "ஹஜ்ரத், நான் கொடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கிறேன்" என்றாள். "மாப்பிள்ளை வேணும். இவர் கொடுத்து வேணாம். வழி இருந்தா சொல்லுங்க. இல்லன்னா எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

ஹஜ்ரத் மைக்கை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "வழி இருக்கு" என்றார். "பெரியவளான பொண்ணு, தன் நிக்காஹைத் தானே பேசிக்கலாம்னு சட்டம் சொன்ன பழைய இமாமும் இருக்கார். அதுவும் நம்ம மார்க்கத்துக்குள்ளதான். இங்க வழக்கம் இல்ல, அவ்வளவுதான்."

"அன்னைக்குக் கேட்டப்ப இல்லன்னீங்களே, ஹஜ்ரத்?" பிரேக்கம்மாவின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"அன்னைக்கு... பொறுப்பாளர் இருந்தாரேம்மா."

"இன்னைக்கும் இருக்காரே. நாற்காலி நிறைய உக்காந்திருக்கார், பாருங்க."

இந்த முறை சிரித்தது பெண்கள் பக்கம். கமிட்டித் தலைவர் கிதாபில் எழுதியிருப்பது, மரபு, மானம் என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் மாப்பிள்ளையே எழுந்து வந்து, "எனக்கு அந்த வழி போதும் ஹஜ்ரத்" என்றுவிட்டான். கண்ணாடிக் கடைக்காரன் அல்லவா, எந்த எழுத்து தெரிகிறது எது தெரியவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

திரையை ஒரு முழம் விலக்கி மைக்கை உள்ளே நீட்டினார்கள். மகள் அதைப் பிடித்தாள். முதல் தடவை தனியாக மெயின் ரோட்டில் இறங்குகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடி அது. பிரேக்கம்மாவின் கால் பழக்கத்தில் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

மகள் தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வாப்பா தலையாட்டினார், இப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல. என்னை நானே உமக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், இத்தனை வருஷமும் அழுத்தி வைத்திருந்த அந்தக் காலைப் பிரேக்கம்மா மெல்ல எடுத்துக்கொண்டாள்.