ஜெர்மன் படத்துக்கு ஓர் இடைவேளை

நான் ஜெர்மன் படிக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. பீளமேட்டில் எங்கள் வகுப்பு நடக்கும் கட்டடத்தில் ஒரு ஜெர்மன் படம் போடுகிறார்கள், அடியில் எழுத்து ஓடாது, வீட்டு ஆட்களையும் அழைத்து வரலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஜெர்மனை யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும். சூலூரிலிருந்து அப்பாவைக் கிளப்பினேன். வயிற்று நோவு வந்ததிலிருந்து எங்கள் தறிக்கூடத்துக்குக்கூடப் போகாத மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு காரில் ஏறினார்.

அது புற்றுநோய் என்பதும் முற்றிவிட்டது என்பதும் அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்று அம்மா அழுததால், வயிற்றில் புண் என்று சொல்லி வைத்திருந்தோம். எங்கள் பக்கம் அப்படித்தான் வழக்கம்.

சுவரொட்டியில் ஒரு குடும்பம் கடற்கரையில் சிரித்துக்கொண்டு நின்றது. அதை நம்பித்தான் போனேன். படம் தொடங்கியதும் அப்பாவின் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். நிஜமாகவே பேச்சு புரிந்தது, எனக்கு ஒரே குஷி. "அந்தப் புள்ள பரீட்சைல கோட்ட உட்டுருச்சுங்கப்பா." "அந்தம்மாளுக்குப் புருசன் சமையலு புடிக்கலையாமுங்க." அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு ஆஸ்பத்திரி வந்தது. டாக்டர் அந்தப் புருஷனையே பார்த்து, மனைவி பிள்ளைகள் முன்னால், சில மாதங்கள்தான் என்றார்.

"ஏங்கண்ணு, டாக்டரு என்னங்கறான்?"

"வயித்துல புண்ணாமுங்க. மருந்துல சரியாயிருமாமா."

திரையில் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் படத்துக்கு இடைவேளையே கிடையாது. ஆனால் நம் ஊரில் டீ இல்லாமல் யார் படம் பார்ப்பார்கள்? பாதியில் நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்கள். வராந்தாவில் டீயை ஆற்றிக்கொண்டே அப்பா கேட்டார்.

"புண்ணுக்கா அத்தன பேரும் அழுவாங்க?"

நான் என் டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினேன்.

"அந்தாளுகிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டாங்க. அப்பறம் பாரு, பையனோட சீட்டாடறான், பொண்டாட்டிய வம்பிழுக்கறான். நம்மூட்ல என்னையக் கண்டா ஆளுக்கொரு பக்கம் ஓடறீங்க. எனக்கு எப்பச் சொல்லுவீங்க அம்மணி?"

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல், அம்மா மேல், அந்தச் சுவரொட்டி மேல். அதே வேகத்தில் சொல்லிவிட்டேன்.

"கேன்சருங்கப்பா. இனி மருந்து கேக்காதுன்னுட்டாங்க."

ஜெர்மனில் சட்டென்று புரிந்தது, தமிழில் சொல்லும்போது அழுதுவிட்டேன். அப்பா டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அப்புறம் அவருக்கு ஒரே அவசரம்.

"வா கண்ணு, ஆரம்பிச்சுருவாங்க. மிச்சத்த அந்தாளு எப்படி ஓட்றான்னு நான் பாக்கோணும். இனி ஒண்ணையும் மாத்திச் சொல்லாத."

உள்ளே போய் உட்கார்ந்தோம். திரையில் அந்த மனிதர் கண்ணை மூடும்வரை ஒரு வார்த்தை விடாமல் அப்பாவின் காதில் சொன்னேன். அப்பா என் கையை விடவேயில்லை.