அரை வக்கீலின் கோடை

அவளைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றைக்கே பக்கத்து வீட்டுத் தையல்காரர், "வாம்மா அரை வக்கீலே" என்றார், அதுவே நிலைத்துவிட்டது. படிப்பு முடிந்தால்தானே முழு வக்கீல்? அவளும் கோபித்துக்கொண்டதில்லை. அவளுக்கு இருந்த ஏக்கமே வேறு.

அவள் அம்மாவுக்கு இஸ்திரிக் கடை. கடை என்றால் வாசலையொட்டி ஒரு மேசை, மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். நீதிமன்றம் பக்கத்தில் என்பதால் வருகிற துணியில் பாதி கறுப்பு அங்கி. சின்ன வயதில், அம்மா தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து, யாரோ ஒரு வக்கீலின் அங்கியை மாட்டிக்கொண்டு, அடுக்கி வைத்த போர்வைகளைப் பார்த்து வாதாடுவாள். அங்கி தரையைக் கூட்டும். போர்வைகள் மறுபேச்சுப் பேசியதே இல்லை. எல்லா வழக்கிலும் அவளுக்கே ஜெயம்.

வீட்டில் அவள் மூன்றாவது. அக்கா பேசுவாள், அண்ணன் அதற்கு மேல் பேசுவான், இவள் வாயைத் திறக்கும்போது எல்லோரும் கை கழுவப் போயிருப்பார்கள். தான் எழுந்து நின்று ஒரு சொல் சொல்ல வேண்டும், அதை ஒரு சபை வாயை மூடிக் கேட்க வேண்டும். பசி மாதிரி இந்த ஆசை அவளோடேயே வளர்ந்தது.

கோடை விடுமுறையில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எங்காவது போய் வேலை பழக வேண்டும். கூடப் படித்தவர்கள் கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனிகளுக்குப் போனார்கள். இவள் போனது இலவச சட்ட உதவி மையத்துக்கு.

"கம்பெனிக்குப் போனா கோர்ட் வாசலையே பார்க்க முடியாது. இங்க தினமும் கோர்ட்" என்றாள்.

"சம்பளம்?" என்றான் அண்ணன்.

"கிடையாது."

"டீயாவது உண்டா?"

"நானே போட்டுக்கணும்."

"நல்ல உத்தியோகம். விட்டுடாதே."

மையம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசை நடுங்கும். அங்கே இருந்த ஒரே வக்கீலுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். ஊரே அவரைத் தும்மல் வக்கீல் என்றது. அவர் தும்மி முடிக்கட்டும் என்று நீதிபதிகளே பேனாவைக் கீழே வைத்துக் காத்திருப்பார்களாம்.

அந்த மையத்தில் ஒரு பழக்கம் உண்டு. உதவி கேட்டு வந்தவரை நீதிமன்றத்தில் தனியாகக் காத்திருக்க விடமாட்டார்கள். பேர் கூப்பிடும்வரை வராந்தா பெஞ்சில் ஒரு மாணவர் கூடவே உட்கார வேண்டும்.

"நான் நாலு அறைக்கு ஓடுவேன். நீ அவங்களோட உட்காரு" என்றார் தும்மல் வக்கீல். "அவங்க பேசினா கேளு. என்ன பேசணும்னு மட்டும் சொல்லிக் குடுக்காதே."

"ஏன் சார்?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல் வந்துவிட்டது. அதற்குள் வேறு யாரோ படியேறி வந்தார்கள். பதில் அப்படியே போயிற்று.

பேச வந்தவளுக்கு உட்காருகிற வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்தவர் ஒரு லாரி டிரைவர். ஆள் வாட்டசாட்டம், பெஞ்சின் அந்த ஓரத்தில் அவர் உட்கார்ந்தால் இந்த ஓரத்தில் இவள் கொஞ்சம் எழும்புவாள்.

மனைவி கோபித்துக்கொண்டு மகளோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாதத்தில் பாதி சாலையில், மீதிப் பாதி தூக்கத்தில் என்று இருக்கிற புருஷனோடு யார்தான் குப்பை கொட்டுவது? அதை அவரே ஒத்துக்கொண்டார். மனைவியை வா என்று இழுக்கவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் மகளைப் பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

"லோடு ஏத்திக் கிளம்பறப்ப பாப்பாவைத் தூக்கி மடியில வெச்சுப்பேன், தங்கச்சி. அவ ஒரு தடவை ஹாரன் அடிப்பா. அப்புறம்தான் வண்டி நகரும். அவ அடிக்காம நான் கிளம்பினதே இல்ல."

"இப்போ?"

"இப்போ அவ மாமன் வீட்டுத் தெருமுனையைத் தாண்டறப்ப நானே ஒரு தடவை அடிப்பேன். காதுல விழுதோ என்னவோ."

அவள் பெஞ்சில் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் படித்த படிப்பு குறுக்கே வந்தது. "அண்ணே, ஹாரன் கதையை உள்ள சொல்லாதீங்க. வீட்டுப் பக்கம் வந்து தொந்தரவு பண்றாருன்னு எதிர்த்தரப்புல திருப்பிடுவாங்க."

"அப்ப நான் என்ன சொல்லட்டும்?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பிறந்ததிலிருந்து காத்திருந்தாள். வக்கீல் சொன்னது அந்த நேரம் நினைவில் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் பசித்தவள் முன்னால் இலையைப் போட்டுவிட்டு எழுந்திரு என்றால் எழுந்திருப்பாளா? "குழந்தையின் முழுமையான வளர்ச்சிக்குத் தந்தையின் அரவணைப்பு இன்றியமையாதது" என்றாள். அந்த வாக்கியம் அவளிடம் எப்போதோ தயாராக இருந்தது.

"இன்றி... இன்றிமையா..."

"கியர் மாத்தற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க."

பேர் கூப்பிட்டார்கள். குடும்ப நீதிமன்றம் என்பதால் அவரவரே பேச வேண்டும். நீதிபதியம்மா அனுமதித்ததால் அவளும் போய்ச் சுவரோரம் நின்றாள். டிரைவர் சொன்னார். கனமான குரல், ஒரு எழுத்தும் சிதறவில்லை. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுடைய வார்த்தை, ஒரு சபை வாயை மூடிக் கேட்கிறது.

நீதிபதியம்மா கேட்டார்: "உங்க பொண்ணு ராத்திரி தூங்காம அடம் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

டிரைவர் நிமிர்ந்து நின்றார். "குழந்தையின் முழுமையான வளர்ச்சிக்கு..."

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இதை யார் சொல்லிக் குடுத்தாங்க?"

அவர் முகம் மலர்ந்து சுவரோரம் கையைக் காட்டினார். "அந்தத் தங்கச்சிதாங்க. நல்லாப் படிச்ச பொண்ணு."

மனைவி அதுவரை தலையைக் குனிந்தே நின்றிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள். "இவருக்குப் பேசவே வராதுங்கம்மா. அந்த ஒரு குணத்தைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன். இப்ப ஆள் வெச்சுப் பேசக் கத்துக்கிட்டாரு. இனிமே எதை நம்பிப் பிள்ளையை அனுப்பறது?"

வழக்கு தள்ளிப்போயிற்று. அதுவும் விடுமுறை முடிந்த பிறகு ஒரு தேதிக்கு. அடுத்த தடவை மாணவி வெளியே இருக்கட்டும் என்று நீதிபதியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

வராந்தாவில் டிரைவர் ஆவலோடு கேட்டார்: "நல்லா சொன்னேனா தங்கச்சி? ஒரு சொல்லுகூட விடல."

அவள் தலையை ஆட்டி வைத்தாள். தும்மல் வக்கீல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு அவருக்குத் தும்மல்கூட வரவில்லை.

மீதி விடுமுறை உப்பில்லாத சோறு மாதிரி போனது. பஸ்ஸில் போனாலும், கல்லூரி திறந்து பாடத்தில் உட்கார்ந்தாலும், தெருமுனையில் ஒரு லாரி அடிக்கிற ஹாரன்தான் காதில். தன்னால் இன்னும் எத்தனை வாரம் அந்த மனிதர் மகள் முகம் பாராமல் தெருமுனையைத் தாண்டுவாரோ. தேதி வந்ததும் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனாள்.

"காலேஜ் இல்ல?" என்றார் தும்மல் வக்கீல்.

"இருக்கு சார்."

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "பெஞ்சு காலியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார்.

டிரைவர் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"அண்ணே, நான் சொன்னதெல்லாம் தப்பு. மறந்துடுங்க."

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே நெட்டுருப் போட்டது, தங்கச்சி. லேசுல போகாது." அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் என்ன சொல்லட்டும்?"

அதே கேள்வி. அவள் நாக்கு நுனியில் ஒன்றல்ல, பத்துப் பதில் வந்து நின்றது. விழுங்கினாள். "எனக்குத் தெரியாது அண்ணே. அது உங்க பொண்ணு."

பேர் கூப்பிட்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே ஏதோ குரல் எழுந்தது, அடங்கியது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. யாரோ இருமினார்கள். பிறகு சத்தமே இல்லை. ஒரு சபை வாயை மூடிக்கொண்டு கேட்கிற அமைதி அது. மரக்கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கும் தெரிந்தது. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் பேச ஆசைப்படவில்லை. கேட்கத்தான் ஆசைப்பட்டாள்.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "ஞாயிற்றுக்கிழமை. காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும். குடுத்துட்டாங்க தங்கச்சி."

"என்ன சொன்னீங்க அண்ணே?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியலையே. உன் வாக்கியத்தைத்தான் ஆரம்பிச்சேன். பாதியில நின்னுபோச்சு. அப்புறம் என்னென்னவோ..." கையை விரித்தார்.

பின்னாலேயே மனைவி வந்தாள். தாண்டிப் போனவள் நின்று திரும்பி, அவரைப் பார்க்காமல் இவளைப் பார்த்துச் சொன்னாள்: "ஹாரனைச் சின்னதா அடிக்கச் சொல்லும்மா. அவ தட்டைப் போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடிடறா. ஒரு வாய் இறங்க மாட்டேங்குது."

டிரைவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். அந்த ஓரம் தாழ்ந்தது. இந்த ஓரத்தில் இவள் எழும்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அங்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "கோர்ட்டுல பேசினியாடி?"

"இல்லம்மா."

"பின்ன என்னதான் பண்ணினே?"

"உட்கார்ந்திருந்தேன்."

"அதுக்கு இங்கேயே உட்கார்ந்திருக்கலாமே, துணி மடிச்ச மாதிரியும் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு உதவியாக அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைக்கடியில் யாரோ ஒருவருடைய கறுப்பு அங்கி. தூரத்து நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சின்னதாகத்தான் அடித்தது. அவள் கை நின்றது. எந்த லாரியோ, யார் மடியில் யாரோ. இன்னொரு தடவை கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"அடியே, அங்கி கருகுது பாரு!" என்று அம்மா கத்தினாள்.