பிரஸ் கூடத்துக் கைப்பேச்சு

தகடு வெட்டும் பிரஸ் கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். தொண்டையைத் தொட்டால் தண்ணீர். உள்ளங்கையைத் தட்டினால் தகடு தீர்ந்துவிட்டது. சூப்பர்வைசரைச் சொல்லவேண்டுமானால் காதைத் திருகிக் காட்டவேண்டும். அவன் திருகாத காது அங்கே கிடையாது.

பின்னால் திக்குவாய் என்று பேர் வாங்கியவருக்கு அந்தக் கூடத்தில்தான் மீசை முளைத்தது. கல்யாணமும் அங்கேதான் கூடிவந்தது. எதிர் பிரஸ்ஸில் நின்ற பெண்ணிடம், கட்டிக்கொள்கிறாயா என்று கையால் கேட்டார். அண்ணனைக் கேள் என்று அவள் தன் காதைத் திருகிக் காட்டினாள்.

விரல்கள் போனதும் அங்கேதான். வேகம் போதவில்லையென்று அந்த சூப்பர்வைசர் மச்சான் பாதுகாப்புக் கம்பியைக் கழற்றி எறிந்திருந்தான். பிரஸ் இறங்கியபோது வலது கையில் இரண்டு விரல்கள் தகட்டோடு தகடாக நசுங்கின. ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஓட்டு என்று பக்கத்து ஆளுக்கு மச்சான் சாடை காட்டினான்.

"இப்ப உங்க கைப்பேச்சு திக்குது" என்று கட்டு மாற்றும்போது மனைவி சொன்னாள். பட்டப்பெயர் அப்படி வந்தது. அந்தக் கையோடுதான் அவர் சங்கம் கட்டினார்.

புதிய தொழிலாளர் மசோதா வந்தது. சங்கத்தில் சேர்ந்தவனை வேலையைவிட்டு நீக்கக்கூடாது, அடித்தால் முதலாளியே பொறுப்பு என்றது. அதைப் பற்றித் தொழிலாளர்களை விசாரிக்க ஒரு சட்டசபைக் குழு ஊருக்கு வருவதாக இருந்தது. திக்குவாய் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்.

முந்தின நாள் மாலை ஆலை வாசலில் மச்சான் அடியாட்களோடு மறித்தான்.

"எங்க மாப்ளே, பேசப் போறியா?"

"ஆமா மச்சான். நீங்களும் வாங்க, காது குளிரக் கேட்கலாம்."

இரும்புக் குழாய் முதலில் முழங்காலில் விழுந்தது. கீழே சாய்ந்தவரின் முதுகில் மிதித்தார்கள். மச்சான் குனிந்து, முடியைப் பிடித்து முகத்தைத் தூக்கி, தாடையில் பூட்ஸ் காலால் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

"இப்பப் பேசு" என்றான்.

மறுநாள் தாடையைக் கம்பியால் கட்டிய கோலத்தில் இருவர் தூக்கிவந்து அவரைக் குழுவின் முன் உட்காரவைத்தார்கள். அவர் கையை உயர்த்தினார். சாடையை எடுத்துச் சொல்ல யார் வருகிறீர்கள் என்று குழுவின் தலைவி கேட்டார். வந்திருந்த தொழிலாளர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மசோதா இன்னும் சட்டமாகவில்லை. வாய் திறப்பவனுக்கும் நாளை குழாய்தான். மனைவி எழுந்தாள்.

கம்பி கழற்றியது, விரல்கள், வாசலில் விழுந்த அடி என ஒவ்வொன்றையும் கை சொன்னது, அவள் வாய் சொன்னது.

"அடிச்சது யாரு?" என்றார் தலைவி.

அவர் கை மடியில் இறங்கிவிட்டது. அவள் வாயால் அதைச் சொல்லவைக்க அவருக்கு மனமில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு தானே காதைத் திருகிக் காட்டினாள்.

"என் கூடப்பிறந்த அண்ணன்."

பின்வரிசையிலிருந்து மச்சான் நாற்காலிகளை உதைத்துக்கொண்டு பாய்ந்து வந்தான். அத்தனை பேர் பார்த்திருக்க, கை பழகிய இடத்துக்கே போனது. தங்கையின் காதைப் பிடித்துத் திருகினான். தோடு காதைக் கிழித்துக்கொண்டு அவன் கையோடு வந்தது. காவலர்கள் அவனைத் தரையில் அழுத்தினார்கள்.

அவள் முந்தானையைக் காதில் அழுத்திக்கொண்டாள். தோள் நனைந்துகொண்டிருந்தது.

"அடுத்த கேள்வியைக் கேளுங்கம்மா" என்றாள். "இவர் இன்னும் முடிக்கல."