பொதுமக்களாக இருந்தவர்

எங்கள் நகராட்சியில் பொதுமக்கள் என்றால் ஒரே ஒரு ஆள்தான். குள்ளமான உருவம், காக்கிச் சட்டை, மேல் பையில் ஒரு நீலப் பேனா. காலையில் அவர்தான் அலுவலகத்தைத் திறப்பார், மூன்றரை மணிக்கு டீ கொண்டு வருவார், சாயங்காலம் பூட்டுவார். உத்தியோகம் அட்டெண்டர். ஆனால் யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. "அந்தப் பொதுமக்களைக் கூப்பிட்டு ஃபேனைப் போடச் சொல்லு" என்பார் தலைவர். அவரும் ஓடி வந்து போடுவார்.

அந்தப் பெயர் வந்த கதை எனக்குத் தெரியும், நான் அங்கே டைப்பிஸ்ட். நடந்ததில் என் பத்து விரல்களுக்கும் பங்கு உண்டு. மற்றவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

எங்களுக்கு மூன்று குழுக்கள். பொதுப் பாதுகாப்புக் குழு, முதியோர் நலக் குழு, சுகாதாரக் குழு. மூன்றுக்கும் ஒரே தலைவர், உறுப்பினர்களும் முக்கால்வாசி அதே முகங்கள். இன்றைக்கு எந்தக் குழு என்பது சில சமயம் அவர்களுக்கே மறந்துவிடும். மேலிடத்து விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்களில் ஒருவராவது உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. கூட்டம் நடப்பது இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கூட்டம் என்றைக்கு என்று அறிவிப்பு ஒட்டும் பலகையும் அதே இரண்டாவது மாடியில்தான் இருந்தது. முதியோர் நலக் குழுவுக்கு ஒரு முதியவர்கூட வரவில்லையே என்று நாங்கள் எல்லோரும் மனதார வருத்தப்பட்டோம்.

ஒன்பது வருஷத்துக்கு முன் முதல் கூட்டத்தன்று, தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த இவரைப் பார்த்தார்.

"உன் வீடு எங்கய்யா?"

"இதே வட்டாரம்தாங்க. சுகாதார நிலையத்துக்குப் பின்னாடி சந்து."

"வீட்டு வரி கட்டறியா?"

"கட்டறேங்க."

"அப்புறம் என்ன, நீயும் பொதுமக்கள்தானே. உட்காரு."

உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார், பாதியில் டீ எடுத்துவர எழ வேண்டியிருந்தது. பதிவேட்டில் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் போட்டார். 'தொழில்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடச் சொன்னார் குழுச் செயலர். விஷயம் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், மாதம் மூன்று கூட்டம். ஒவ்வொன்றின் முடிவிலும் நான் டைப் செய்த வரி ஒன்றே ஒன்றுதான்: 'பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை.'

அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒளிப்பானேன்? கையெழுத்துக்கென்றே அந்த நீலப் பேனாவை வாங்கினார், வேறெதற்கும் அதைத் திறக்க மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அவரும் அக்காவும்தான். சின்ன வயதில் அப்பா அம்மா போன பிறகு துணி தைத்து அவரைப் பத்தாவது வரை படிக்க வைத்தவர் அக்கா. இப்போது அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பிரஷர் இருக்கிறது, வாய் மட்டும் இன்னும் இருபதிலேயே நிற்கிறது.

"இன்னிக்குக் கூட்டத்துல என்னடா பேசினே?" என்று கேட்பாராம்.

"நான் எங்கக்கா பேசறது? கையெழுத்துப் போட்டேன்."

"அதுக்கா சட்டைய இஸ்திரி போட்டுட்டுப் போனே?"

போன வருஷம் பாதுகாப்புக் குழு ஒரு தீர்மானம் போட்டது. சுகாதார நிலையத்தின் பக்கவாசல் வழியாக வரும் முதியவர்கள் சந்தில் வண்டி மோதி விழ வாய்ப்பிருப்பதால், அவர்களின் பாதுகாப்பை முன்னிட்டு அந்த வாசலைப் பூட்டிவிடுவது. அந்தச் சந்தில் அதுவரை யார் மேலும் ஒரு சைக்கிள்கூட மோதியதில்லை. ஆட்சேபணை இல்லை. அடுத்த வாரம் முதியோர் நலக் குழு கூடி, முதியவர்கள் மேல் இவ்வளவு அக்கறை காட்டிய பாதுகாப்புக் குழுவுக்கு நன்றி சொன்னது. அதன் பிறகு சுகாதாரக் குழு, மருந்து வீணாவதைத் தடுக்க, நோயாளி நேரில் வந்தால்தான் மாத்திரை என்று முடிவு செய்தது. அதற்கும் ஆட்சேபணை இல்லை. ஆறு மாதம் கழித்து சுகாதார நிலையத்துக்கு வருபவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தார்கள். வட்டாரத்தில் நோய் குறைந்துவிட்டது என்று தலைவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்று டீயோடு கேக்கும் வந்தது.

ஒரு நாள் காலை அவர் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்துக் காட்டினார். உள்ளே பிரஷர் மாத்திரைகள், ஒவ்வொன்றும் கத்தியால் இரண்டாக நறுக்கப்பட்டிருந்தது.

"அக்கா நேத்து குளியலறையில தலை சுத்தி விழுந்துட்டாங்க, தங்கச்சி. தலகாணிக்கடியில இது இருந்துச்சு."

பக்கவாசல் திறந்திருந்தபோது அக்காவுக்கு வீட்டிலிருந்து நாற்பதடிதான். பூட்டிய பிறகு இரண்டு பெரிய ரோட்டைக் கடந்து சுற்றிப் போக வேண்டும். முதல் இரண்டு தடவை கடைப்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போயிருக்கிறார். அப்புறம் மாதம் ஒரு தடவைக்கு மேல் முடியவில்லை. பதினைந்து நாள் மாத்திரையைப் பாதி பாதியாக்கி ஒரு மாதத்துக்கு ஓட்டியிருக்கிறார். தம்பி போய்க் கேட்டாலும் தர மாட்டார்கள், நேரில்தான் வர வேண்டும்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன்" என்றார். "கம்பவுண்டர் நோட்டீசைக் காட்டினாராம். 'பொதுமக்கள் ஒப்புதலோட'ன்னு போட்டிருந்துச்சாம். பொதுமக்களே ஒத்துக்கிட்ட பிறகு நான் யாருடா கேக்கறதுக்குன்னாங்க."

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கவாசல் தீர்மானத்தைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். தன் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுதான் முதல் முறையாகப் படித்தார். மெதுவாக, விரல் வைத்து, கடைசி வரைக்கும் படித்தார்.

பிறகு குழுச் செயலரிடம் போனார்.

"பக்கவாசலைத் திறக்கணும்னு கூட்டத்துல வைக்கணுங்க."

"அதுக்குப் பொதுமக்கள் யாராவது மனு கொடுக்கணும் அண்ணே."

"நான்தானே பொதுமக்கள்?"

"அது கூட்டத்துக்குள்ள. வெளியில நீங்க ஊழியர். ஊழியர் மனு கொடுக்கக் கூடாது."

"சரி, கூட்டத்துக்குள்ளயே பேசறேன்."

"பேசினா நீங்க யாருன்னு கேள்வி வரும். வந்தா ஒன்பது வருஷத் தீர்மானமும் போச்சு, உங்க வேலையும் போச்சு. ரிட்டயர் ஆக எத்தனை மாசம் இருக்கு?"

"பதினாலு."

"பதினாலு மாசம் சும்மா இருங்க. அப்புறம் நீங்க அசல் பொதுமக்கள். ஆற அமர மனு கொடுங்க."

செயலர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பதினாலு மாதத்தை அக்காவின் பாதி மாத்திரைகளில் கணக்குப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பொதுமக்கள் பங்கேற்பில் ஒன்பது வருஷமாக நூற்றுக்கு நூறு எடுத்திருப்பது எங்கள் நகராட்சி மட்டும்தானாம். கேடயம் கொடுக்க ஒரு அதிகாரி நேரில் வருகிறார், அந்தப் பொதுமக்களைச் சந்தித்துக் கைகுலுக்க விரும்புகிறார். தலைவர் முகத்தில் ஒரே நாளில் சிரிப்பும் வந்தது, ஈயாடாமலும் போனது. இவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வெள்ளைச் சட்டை போட்டுட்டு வா. வாயைத் திறக்காதே. சும்மா சிரி. இது நல்லபடியா முடிஞ்சா உன் வாசலைப் பத்தி யோசிக்கலாம்."

"எந்தக் குழுவுலங்க யோசிப்பீங்க?"

தலைவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்பது வருஷத்தில் தலைவரிடம் இவர் கேட்ட முதல் கேள்வி அது.

அதிகாரி வந்த அன்று கூட்ட அறை பளபளவென்று இருந்தது. எங்கள் பொதுமக்கள்தான் துடைத்திருந்தார். பிறகு போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, அதே பேனாவோடு வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலி நிறைய உட்கார்ந்தார். அதிகாரி ஒரு அம்மா, இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. பதிவேட்டைப் புரட்டினார்.

"ஒன்பது வருஷமா ஒரே ஆள். ஆச்சரியமா இருக்கே. தொழில்ங்கற இடம் மட்டும் ஏன் எல்லாத்துலயும் காலியா இருக்கு?"

"ரொம்ப அடக்கமான ஆளுங்க மேடம்" என்றார் தலைவர். "முதல்ல டீ சாப்பிடுங்க. டீ எங்கய்யா?"

யாரும் எழவில்லை. டீ கொண்டு வருபவர் கௌரவ நாற்காலியில் இருக்கும்போது யார் கொண்டு வருவது என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அத்தனை பேரும் பழக்கத்தில் அவரைத்தான் பார்த்தார்கள். நானும்தான்.

அவர் எழுந்தார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்து, அன்றைய வரியில் தொழில் கட்டத்தில் 'அட்டெண்டர்' என்று எழுதினார். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டி, பக்கவாசல் தீர்மானத்தின் தேதியைக் கண்டுபிடித்து, அங்கேயும் எழுதினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, டீ நான்தான் கொண்டு வரணும். ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க."

நிஜமாகவே போய் டீ கொண்டு வந்தார். யாரும் குடிக்கவில்லை.

கேடயம் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போனது. ஒன்பது வருஷத் தீர்மானங்கள் அத்தனையும் செல்லாது என்று பத்து நாளில் உத்தரவு வந்தது. தெருவிளக்குப் போட்ட தீர்மானமும் செல்லாதுதான், ஆனால் விளக்குகளுக்கு அந்த உத்தரவை யாரும் அனுப்பவில்லை. பக்கவாசலைத் திறந்தாக வேண்டியிருந்தது. சாவி அட்டெண்டர் பொறுப்பில். பூட்டைத் திறந்து, சாவியை ஒப்படைத்து, கூடவே தன் சஸ்பெண்ட் உத்தரவையும் அவர் வாங்கிக்கொண்டார். அதை டைப் செய்தது நான். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? 'பொதுமக்களைப் போல நடித்து நிர்வாகத்தை ஏமாற்றியது.' அந்த வரியை அடிக்கும்போது எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவரை வேலையை விட்டு நீக்குவதா, மன்னிப்பதா என்பதைக் குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். குழு கூட வேண்டுமென்றால் பொதுமக்கள் வேண்டும். முதல் மாதம் யாரும் வரவில்லை. இரண்டாவது மாதமும் வரவில்லை. மூன்றாவது மாதம் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"அவன் இப்ப வேலையில இல்லையே. இப்ப அவன் அசல் பொதுமக்கள். போய்க் கூட்டிட்டு வாம்மா. தன் மேல இருக்கற நடவடிக்கைக்குத் தானே கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்."

போனேன். சந்தில் திரும்பும்போதே தெரிந்தது. திறந்த பக்கவாசல் வழியாக அக்கா வெளியே வந்துகொண்டிருந்தார், ஒரு கை சுவரில், ஒரு கை தம்பியின் தோளில். மாத்திரை அட்டையைத் தம்பி பிடித்திருந்தார்.

"அண்ணே, மூணு மணிக்குக் கூட்டம். தலைவர் உங்களக் கூப்பிடறார்."

"இன்னிக்கு மாத்திரை நாள், தங்கச்சி. அக்காவ வீட்டுல விடணும்."

"நாற்பதடிதானே? விட்டுட்டு வாங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"பொதுமக்களுக்கு ஆட்சேபணை இருக்குன்னு போய்ச் சொல்லும்மா" என்றார் அக்கா.

நான் திரும்பி வந்து இரண்டு மாடி ஏறினேன். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 'பொதுமக்கள் வரவில்லை' என்று டைப் செய்தேன். அந்தக் குழுக்களுக்காக நான் அடித்த வரிகளில் உண்மையான வரி அதுதான்.