மைக்கில் சொன்ன வீட்டுச் சேதி

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் அதிபர் தேர்தல் பேச்சு சூடு பிடித்திருந்த ஒரு குளிர்காலம். அங்கே ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கும் என் மகளோடு நான் தங்கியிருந்தேன். என் கணவர் காலமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். இரண்டு பேர் வீட்டிலும் பெரியவர்கள் வெள்ளகோவில் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர்கள். அவர் லேத் பட்டறைக்குப் போனார், நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுத்தேன். எங்கள் ஒரே மகள் ப்ளேன் ஏறினாள்.

அப்பா படுத்த படுக்கையானபோது அவளால் வர முடியவில்லை. விசாவில் ஏதோ சிக்கல். ஊருக்கு வந்துவிட்டால் திரும்பிப் போக விசா முத்திரை கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ, அதற்குள் வேலை போய்விடும் என்றார்கள். போனால் போகட்டும் என்று அவள் கிளம்பத்தான் பார்த்தாள். இவர்தான் தடுத்தார். "நீ வராத கண்ணு. எனக்கு ஒண்ணுமில்ல. வேலையப் பாரு" என்று போனில் சிரித்துக்கொண்டே சொல்வார். கடைசியில் அடக்க ஆராதனையை அவள் செல்போனில்தான் பார்த்தாள்.

நான் அங்கே போன பிறகும் அவரைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சமையல், பனி, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் பேசுவோம். அவர் பேச்சு வருகிற மாதிரி இருந்தால் யாராவது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம்.

ஒரு சனிக்கிழமை மகள், "அம்மா, டவுன்ஹால் போலாமா?" என்றாள். எனக்கு நம்ம ஊர் டவுன்ஹாலும் மணிக்கூண்டும் ஜவுளிக்கடைக் கூட்டமும்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் விளக்கினாள். அதிபர் தேர்தலுக்கு நிற்க வந்திருக்கும் ஒரு வேட்பாளர் மக்கள் நடுவில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கூட்டமாம். "நமக்கு இங்க ஓட்டே இல்லியே?" என்றேன். "கேள்வி கேக்க ஓட்டு வேண்டாம்மா" என்றாள்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கட்அவுட் இல்லை, பட்டாசு இல்லை. ஈரமான பூட்ஸோடு இருநூறு பேர் இருப்பார்கள். சேலை மேல் கோட்டு போட்டிருந்தது நான் ஒருத்திதான். வேட்பாளர் கையில் மைக்கோடு நடந்துகொண்டே பேசினார்.

மகள் கையைத் தூக்கினாள். விசா தாமதத்தால் பெற்றவர்களின் சாவுக்குக்கூடப் போக முடியாதவர்களைப் பற்றிக் கேட்டாள். யாருக்கோ நடந்தது போலத்தான் கேட்டாள். அவரும் யாருக்கோ சொல்வது போலவே பதில் சொன்னார். முடிக்கும்போது என்னைப் பார்த்துவிட்டு மகளிடம், "உங்கள் அம்மாவா? அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். மகள் அதை என் காதில் தமிழில் சொன்னாள். மரியாதைக்குக் கேட்டிருப்பார். நான் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஐயா, எனக்கு இங்கிலீசு வராதுங்க. எம் பொண்ணு சொல்லுவாளுங்க" என்று ஆரம்பித்தேன். அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள்.

"எங்க ஊட்டுக்காரர் போன்ல இவளை வராத, வராதன்னுதான் சொன்னாருங்க. ஆனா வாசல்ல எந்தக் கார் நின்னாலும், 'அம்மணி வந்துட்டாளா பாரு'ம்பாருங்க. நானும் எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வருவேன்."

மகள் இதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். இதை அவளிடம் சொல்லவே கூடாது என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு மேல் என்னால் நிறுத்த முடியவில்லை.

"கடேசி நாள் காத்தால தலை சீவி உடச் சொன்னாருங்க. சவரம் பண்ணச் சொன்னாருங்க. 'அவ வந்து இப்பிடிப் பாத்தா பயந்துபோடுவா'ன்னாருங்க. அவ்வளவுதானுங்க. இனி எந்த அப்பனும் இப்பிடி வாசலப் பாத்துட்டுக் கெடக்கக் கூடாதுங்க."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள். அது மைக்கில் விழுந்து அரங்கம் முழுக்கக் கேட்டது. யாருக்கும் தமிழ் புரியவில்லை, ஆனால் முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் எழுந்து வந்து என் மகளின் முதுகில் கை வைத்து நின்றார். அந்தக் கை இருந்த தைரியத்தில்தான் இவள் மொழிபெயர்த்தாள் என்று நினைக்கிறேன். ஒரு சொல் விடாமல் சொன்னாள். அத்தனை ஆங்கிலத்துக்கு நடுவில் 'அப்பா' என்பதை மட்டும் 'அப்பா' என்றே சொன்னாள்.

வேட்பாளர் மைக்கைத் திரும்ப வாங்கினார். பிறகு, "இதைச் சீக்கிரம் மாற்றிவிடுவேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதை மறக்கவும் மாட்டேன்" என்றாராம். சில மாதங்களில் அவரே போட்டியிலிருந்து விலகிவிட்டார்.

கூட்டம் முடிந்து காரில் ஏறினோம். மகள் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதாள். நான் அவளை அழ விட்டேன். பிறகு கேட்டாள்: "அப்பா வேற என்னம்மா சொன்னாரு?"

எல்லாம் சொன்னேன். நர்ஸிடமெல்லாம் அவள் போட்டோவைக் காட்டியதைச் சொன்னேன். அவள் சின்ன வயதில் சர்ச்சில் பாடிய ஞானப்பாட்டை ராகம் தப்பி முனகியதைச் சொன்னேன். அதைக் கேட்டு அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். கார் கண்ணாடியெல்லாம் பனி மூடி, வெளியே ஒன்றும் தெரியாமல் போகும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் கோவையில் தனியாக இருக்கிறேன். அவள் விசா இன்னும் இழுத்துக்கொண்டுதான் கிடக்கிறது. ஆனால் போன் வந்தால், நான் நன்றாக இருக்கிறேன் என்பதோடு இப்போதெல்லாம் நிறுத்துவதில்லை. "உன்னைப் பாக்கோணும்னு இருக்குது கண்ணு" என்று வாய் விட்டுச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் வர முடியாவிட்டாலும் இங்கே ஒருத்தி தனக்காகக் காத்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.