டெலிபோன் சீதாலட்சுமி

சென்ற வியாழக்கிழமை காலை, மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம். தாராவியிலிருந்து வரும் எங்கள் பியூன் சுடலைமுத்து, அலுவலக வாசலில் குடையை மடக்காமலே நின்றார்.

"சார், நம்ம டெலிபோன் அக்கா போயிட்டாவ. விடியக்காலம் ஆஸ்பத்திரியில உசுரு போயிட்டு."

தலையை ஆட்டினேன். அவர் சொன்னது, தூரத்து ஊரிலிருந்து கம்பியில் வரும் குரல்போலச் சற்றுத் தாமதித்துத்தான் என்னை எட்டியது.

எங்கள் கம்பெனியோடு ஒருமுறையேனும் போனில் பேசிய எல்லோருக்கும் சீதாலட்சுமியைத் தெரியும். முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். எட்டு வருடம் எங்கள் ஸ்விட்ச்போர்டில் இருந்தார். டிரங்க் காலுக்குக் காத்திருக்கும்போது, எதிர்முனை ஆபரேட்டரிடம் அந்த ஊர் வானிலையைக் கேட்பது அவர் வழக்கம். "டெல்லியில புழுதிக் காத்தாம். கல்கத்தாவுல தெருவெல்லாம் தண்ணியாம்" என்று எங்களிடம் சொல்வார். நான் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். பார்த்திராத ஊர்களின் மழை எங்கள் ஃபைல்களின் மேல் பெய்துவிட்டுப் போகும்.

இந்த வருடம் வேறு மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கின. பெயர் சொல்லாத யாரோ, 'மதராசிகளெல்லாம் ஊரைக் காலி பண்ணுங்கள்' என்று கத்துவார்கள். சீதாலட்சுமி முழுவதையும் கேட்டுவிட்டு, சுத்தமான மராத்தியில், "தங்களுக்கு யாருடன் பேச வேண்டும்?" என்பார். ஒருநாள் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லைனைக் கட் பண்ணிடுங்களேன்" என்றேன்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா நானா கட் பண்ண மாட்டேன். வேணும்னா அவன் வைக்கட்டும்" என்றார்.

அந்த வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, சீதாலட்சுமி தாதரில் நம்மவர் ஒருவரின் ஓட்டலில் மழைக்கு ஒதுங்கிக் காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு கும்பல் வந்து கண்ணாடிகளை உடைத்தது. பிறகு எரியும் துணி சுற்றிய பாட்டில்களை வீசியது. எல்லோரும் பின்வாசல் வழியே ஓடினார்கள். சீதாலட்சுமியும் வெளியே வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது, மழைக்கு ஒதுங்கியிருந்த மராத்திப் பூக்காரப் பெண்மணி ஒருவர் வழி தெரியாமல் புகைக்குள் நிற்பதைக் கண்டு மறுபடி உள்ளே போனார். அவரை இழுத்து வந்து வாசலுக்கு வெளியே தள்ளியபோது, எரிந்த பலகை இவர்மேல் சரிந்தது.

ஞாயிறன்று மாட்டுங்காவில் அவர் வீட்டில் கூடினோம். தூக்கத்தில் நடப்பவர்கள்போல வந்து உட்கார்ந்தோம். மகளின் படத்தருகே, அதே தீயில் இறந்த சமையல்காரர் மாடசாமியின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார் அவர் அப்பா. மாடசாமிக்கு இந்த ஊரில் யாரும் இல்லை.

அப்போது அந்தப் பூக்காரப் பெண்மணி வந்தார். மராத்திக் கட்டுச் சேலை, ஒரு கையில் கட்டு. வாசலில் நின்றிருந்தவன் நான். யாரென்று ஊகித்துவிட்டேன். இருந்தும், "க்யா சாஹியே?" என்றேன், என்ன வேண்டுமென்று முறைத்தபடி. வழி விடவில்லை. அவர் மொழியைப் பேசியவர்கள்தானே தீ வைத்தார்கள் என்று மனம் கொதித்தது. அவர் தலைகுனிந்து நின்றார்.

உள்ளிருந்து சீதாலட்சுமியின் அப்பா எழுந்து வந்தார். என் தோளைத் தொட்டார்.

"வழி விடுங்கோ. அவ கடைசியாக் கூட்டிண்டு வந்தது இவாளைத்தான்."

விலகினேன். தம் நாற்காலியில் அந்த அம்மாளை உட்கார வைத்துவிட்டு, அவர் தரையில் அமர்ந்தார். அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார்.

"ஹாத் நஹீ சோடா" என்றார். கையை விடவே இல்லையாம். கட்டில்லாத கையை எங்கள்முன் நீட்டினார். மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் கன்றிக் கருத்திருந்தது.

நாலைந்து நாளில் அது மறைந்துவிடும். என் கோபம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அது என்னுடையது, சீதாலட்சுமி தந்ததல்ல. அவர் தந்ததென்று நான் வைத்துக்கொள்வது அந்த நான்கு விரல்களை மட்டும்தான்.