ஒன்பது கஜமும் ஒரு முழங்கையும்

எனக்கு டென்னிஸ் எல்போ என்று டாக்டர் சொன்னபோது, வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ பார்த்துச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். டென்னிஸ் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. காப்பி டம்ளரைத் தூக்கினால் வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுள்ளென்று வலித்தது, அவ்வளவுதான். அதற்குப் போய் இத்தனை பணக்காரப் பெயரா?

பழவங்காடியில் ஒரு மாடியில் இருந்த பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். வலது கையால் என்னென்ன செய்வேன் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். ஆபீசில் கம்ப்யூட்டர், வீட்டில் தேங்காய் துருவல், சப்பாத்தி மாவு எல்லாம் சொன்னேன். துணி பிழிவதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, ஞாபகமே வரவில்லை. எங்கள் ஸ்ரீவராகத்து வீட்டில் மாமியாரின் ஒன்பது கஜப் புடவையை, தினமும் விடியற்காலையில் நான் குளித்துவிட்டு வந்து நனைத்துப் பிழிந்து, வேறு யார் கையும் படாமல் கழியால் உயரக் கொடியில் உலர்த்த வேண்டும். அதுதான் மடி. வாஷிங் மெஷின் மற்றவர்கள் துணிக்கு. இருபத்தாறு வருஷமாகச் செய்வதை வேலை என்று யார் நினைப்பார்கள்?

அந்தப் பெண் அல்ட்ராசவுண்ட் வைத்துவிட்டு, ஒரு சின்னத் துண்டைச் சுருட்டிக் கொடுத்து, காலையும் மாலையும் இதை முறுக்க வேண்டும் என்றாள். கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னவர் டாக்டர். முறுக்கச் சொல்கிறாள் இவள். யார் சொல்வதைக் கேட்பது? பஸ்ஸில் வரும்போது யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். துண்டு எதற்கு, புடவை இருக்கிறதே. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சின்னத் துண்டுக்கே குணமாகுமென்றால் ஒன்பது கஜத்துக்கு இன்னும் சீக்கிரம் குணமாக வேண்டும் அல்லவா? வழக்கத்தைவிட இரண்டு முறுக்கு கூடவே முறுக்கினேன். இரண்டு வாரத்தில் தோசை மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை.

அடுத்த முறை போனபோது அந்தப் பெண், வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள், காட்டுங்கள் என்றாள். தண்ணீர் சொட்டுகிற மாதிரி துண்டைப் பிழிந்து காட்டினேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம்தான் புடவை விஷயம் வெளியே வந்தது. இனி ஈரத்துணியைத் தொடவே கூடாது, உலர்ந்த துண்டு மட்டும், அதுவும் மெதுவாக என்று கண்டிப்பாகச் சொன்னாள். மறுநாளிலிருந்து என் கணவர் பிழிந்தார். பிள்ளை கையும் மடிதான் என்று மாமியார் ஒத்துக்கொண்டார்.

ஒன்றரை மாதத்தில் வலி போயே போச்சு. என் குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது. கை சரியானால் புடவை திரும்ப என்னிடம் வரும். வலி வேண்டுமா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. "வேதன எத்ரயுண்டு, மாமி?" என்று அந்தப் பெண் மலையாளத்தில் வலியின் அளவைக் கேட்டபோது, பத்துக்கு ஆறு என்றேன். அடுத்த வாரமும் ஆறு. பாவம், அவள் முதலிலிருந்து எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்தாள், முழங்கைப் பட்டையை மாற்றினாள். அவளைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் காலை என் கணவர் காப்பி டம்ளரைத் தூக்கிவிட்டு அப்படியே கீழே வைத்தார். வலது முழங்கை, வெளிப்பக்கம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். என்னைப் பார்த்து, "இப்படியா வலிச்சுது நோக்கு?" என்றார்.

ஆமாம் என்றேன். அது பொய்யா மெய்யா என்று இன்றுவரை புரியவில்லை. கடைசி மூன்று வாரத்தைக் கேட்டிருந்தால் பொய்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என் பொடவைய நாளைலேந்து மெஷின்ல போட்டுடு. கொழந்தை கை என்னத்துக்கு ஆறது."

குழந்தைக்கு ஐம்பத்தெட்டு வயது. நான் இருபத்தாறு வருஷம் காத்திருந்த வார்த்தை, அவர் கை வலித்த அரை மணியில் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் குடிக்காமல் வைத்த காப்பியைக் கொட்டி டம்ளரைக் கழுவினேன்.

அந்த வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். அந்தப் பெண் முதலில் என் வலியைத்தான் கேட்டாள். பூஜ்யம் என்றேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. பேப்பரில் எழுதிக்கொண்டே, வேறெங்கேயாவது வலி இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்பது போலக் கேட்டாள். என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருக்கிறதுதான், எந்த இடம் என்று காட்டுவது? அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.